கரிசல் மண்ணும் கடல் கடந்து வந்த முதலும்

கோவில்பட்டியிலிருந்து தெற்கே கயத்தாற்றை நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையின் இருமருங்கிலும் கரிசல் நிலத்தில் காற்றாலைகள் நிரைநிரையாக நிற்கின்றன. 1799இல் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்ட ஊர் என்ற அளவிலேயே கயத்தாற்றைத் தமிழுலகம் அறியும். இந்தியக் காற்றாலைத் தொழிலின் தொட்டில்களுள் ஒன்று அவ்வூர் என்பதும், அத்தொட்டிலை ஆட்டிய கைகளுள் சில கடலுக்கு அப்பாலிருந்து நீண்டவை என்பதும் அத்துணைப் பரவலாக அறியப்படாத செய்திகள். டென்மார்க் அரசின் வளர்ச்சி உதவி அமைப்பான டானிடா, 1990ஐ ஒட்டிய ஆண்டுகளில் கயத்தாற்றிலும் முப்பந்தலிலும் சோதனைக் காற்றாலைப் பண்ணைகள் நிறுவ உதவியது. பிற்காலத்தில் இந்திய அரசு காற்றாலை ஆய்வுக்கென அமைத்த மையத்தின் சோதனை நிலையமும் அந்நாட்டின் துணையுடன் கயத்தாற்றிலேயே எழுந்தது. 1992இல் உலக வங்கி இந்தியாவின் புதுப்பிக்கத்தக்க எரிசக்தித் துறைக்குக் கடன் ஒப்புதல் அளித்தது. அவ்வங்கிக் குழுமத்தின் சலுகைக்கடன் பிரிவு 11.5 கோடி டாலரும், அப்போதுதான் தோன்றியிருந்த உலகச் சுற்றுச்சூழல் நிதியம் 2.6 கோடி டாலரும் ஒதுக்கின. 1987இல் தொடங்கப்பட்ட இரெடா என்னும் நடுவண் நிறுவனத்தின் வழியாக அப்பணம் தனியார் காற்றாலை முதலீட்டாளர்களைச் சென்றடைந்தது.

அம்முதலீட்டாளர்கள் யாவர் என்று வினவினால் வரலாறு சற்று வேறு முகம் காட்டுகிறது. காற்றாலையின் விலை முழுவதையும் முதலாண்டிலேயே தேய்மானமாகக் கழித்து வருமான வரியைக் குறைத்துக்கொள்ளும் சலுகை 1990களில் இருந்தது. கரிசலில் உற்பத்தியாகும் மின்சாரத்தை வாரியத்தின் கம்பிகளில் செலுத்திவிட்டு, அதே அளவைத் தொலைவிலுள்ள தம் ஆலையின் கணக்கில் பெற்றுக்கொள்ளும் வசதியும் இருந்தது. ஆகவே கொங்குநாட்டு நூற்பாலைகளும், வரிச்சுமையைக் குறைக்க விழைந்த பிற நிறுவனங்களும் இங்கே காற்றாலை நட்டன. காற்று கரிசலுடையது, அக்காற்றில் விளைந்த மின்சாரமும் வரிச்சலுகையும் வேறிடத்தாருடையவை. மானாவாரி நிலத்தை விற்றவருக்கு விற்ற விலை கிடைத்தது; சிலருக்குக் காவல் வேலையும் கிடைத்தது. இதனைக் குற்றச்சாட்டாக யாம் கூறவில்லை. சட்டப்படி நடந்ததே இது. ஆயினும் 'பின்தங்கிய வட்டாரத்தின் தொழில் வளர்ச்சிக்கு' என்று பன்னாட்டு அவைகளில் பெயர் சூட்டப்படும் பணம் அவ்வட்டாரத்தில் எதனை விட்டுச்செல்கிறது, எதனைக் கொண்டுசெல்கிறது என்னும் வினாவுக்குக் கயத்தாறு நல்லதொரு சான்று. அவ்வினாவின் வேர் காற்றாலைக்கும் ஒரு நூற்றாண்டு முற்பட்டது.

அமெரிக்க உள்நாட்டுப் போர் (1861–65) இலங்காஷயர் ஆலைகளுக்குச் சென்ற பஞ்சை நிறுத்தியபோது, திருநெல்வேலிப் பஞ்சுக்கு வரலாறு காணாத விலை ஏறிற்று. போர் முடிந்து விலை சரிந்தபின்னும், கரிசலைத் துறைமுகத்தோடு இணைக்கும் எண்ணம் நிலைத்தது. 1874இல் தென்னிந்திய இரயில்வே கம்பெனி உருவாயிற்று. 1876இன் தொடக்கத்தில் மதுரையிலிருந்து கோவில்பட்டி வழியாகத் தூத்துக்குடிக்குப் பாதை திறக்கப்பட்டது. இக்கம்பெனியில் இணைந்த கிரேட் சதர்ன் கம்பெனி முதலாக, இந்திய இரயில் கம்பெனிகளின் முதல் தலைமுறைக்கு ஓர் ஏற்பாடு இருந்தது. முதல் போட்ட இலண்டன் வாசிக்கு ஆண்டுக்கு 5 விழுக்காடு வருவாய் உறுதி. வண்டி ஓடி அந்த அளவுக்கு ஈட்டினால் நன்று. ஈட்டாவிடில் குறைவை இந்திய வரிப்பணம் நிரப்பும். நிலமும் இலவசம். அதாவது, ஆதாயத்தில் பங்குடையவன் இழப்பில் பங்கற்றவன். இழப்பைச் சுமப்பவனோ ஒப்பந்தத்தில் கையெழுத்திடாத உழவன். பாதை திறந்த அதே ஆண்டில் சென்னை மாகாணத்தைத் தாதுவருடப் பஞ்சம் பற்றியது.

அதே 1876இல் மற்றொரு பருத்தி நாட்டிலும் கடன்காரர் வந்து அமர்ந்தனர். அமெரிக்கப் போர்க்காலப் பஞ்சு விலையை நிலையானதென நம்பிய எகிப்தின் கெதீவ் இஸ்மாயீல் இரயிலுக்கும் கால்வாய்க்கும் அரண்மனைக்கும் ஐரோப்பாவில் கடன்மேல் கடன் வாங்கினார். 1875இல் சூயஸ் பங்குகளை பிரிட்டனுக்கு விற்றார். அடுத்த ஆண்டே கடன் தீர்க்கும் பன்னாட்டு ஆணையம் ஒன்று கெய்ரோவில் நிறுவப்பட்டு நாட்டின் வருவாயைத் தன் கையில் எடுத்துக்கொண்டது. 1882இல் பிரிட்டிஷ் படை வந்தது. கரிசலுக்கு அத்தகைய ஆணையம் தேவைப்படவில்லை. ஆட்சியே அவர்களுடையதாக இருந்தது. நைல் கழிமுகமும் கரிசல் காடும் ஒரே சந்தையின் விலைப்பலகையைப் பார்த்து விதைத்த நிலங்கள் என்பதை அரபு வரலாற்று நூல்களைப் பயில்வோர் நினைவிற்கொள்வது தகும்.

இனி எட்டயபுரத்திற்கு வருவோம். உமறுப்புலவர் அடங்கியுள்ள அவ்வூர் நம் வாசகர்க்குப் புதிதன்று. சமஸ்தானப் புலவராக அங்கு வாழ்ந்த அவர் சீறாப்புராணம் பாடுவதற்கு உறுதுணையாக நின்றவர்கள் கீழக்கரைச் சீதக்காதி வள்ளலும், அவருக்குப்பின் பரங்கிப்பேட்டை அபுல்காசிம் மரைக்காயரும் என்பதை இலக்கிய வரலாறு பதிவு செய்துள்ளது. கடற்கரை வணிகரின் செல்வம் கரிசலுக்கு வந்து காப்பியமாகத் தங்கிய நிகழ்ச்சி அது. திருப்பிக் கேட்கப்படாத முதல். அதே எட்டயபுரத்தில் 19ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் மகாகவி பாரதியின் தந்தையார் சின்னச்சாமி ஐயர் பஞ்சாலை ஒன்றைத் தொடங்கினார். கரிசலில் விளையும் பஞ்சைக் கரிசலிலேயே இயந்திரத்தில் இட வேண்டும் என்ற எண்ணமே அக்காலத்தில் துணிச்சலானது. அம்முயற்சி தோற்றது, செல்வம் அனைத்தையும் இழந்த அவர் 1898இல் காலமானார். ஆங்கிலேய ஹார்வி சகோதரர்களின் ஆலைகளோ 1880களிலேயே பாபநாசத்திலும் தூத்துக்குடியிலும் எழுந்து வளர்ந்தன. எட்டயபுரத்து ஆலைக்கு 5 விழுக்காடு உறுதியளிக்க எவரும் இல்லை.

எட்டு ஆண்டுகள் கழித்து, கரிசல் கண்ட மிகப்பெரும் கூட்டு முயற்சி தூத்துக்குடியில் உருப்பெற்றது. ஓட்டப்பிடாரத்தில் பிறந்த வ.உ.சிதம்பரனார் 1906இல் சுதேசிக் கப்பல் கம்பெனியைப் பதிவு செய்தார். மூலதனம் 10 இலட்சம் ரூபாய். பங்கொன்று 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். அவற்றுள் 8,000 பங்குகளை 2 இலட்சம் ரூபாய்க்கு எடுத்தவர் ஜனாப் ஹாஜி முகம்மது பக்கீர் சேட். மொத்த மூலதனத்தில் ஐந்தில் ஒரு பகுதி! விடுதலைப் போரில் முஸ்லிம்களின் பங்கைப் பேசும் மேடைகளில் இச்செய்தி கொடைப் பட்டியலில் சேர்க்கப்படுவதைப் பார்க்கிறோம். அது கொடையன்று, பங்கு. ஃபிக்ஹு நூல்களின் சொல்லாட்சியில் கூறுவதாயின் முஷாரகா. முதலளவுக்கு ஏற்ப இழப்பையும் ஏற்கும் கூட்டுவாணிகம். பிரிட்டிஷ் இந்தியக் கப்பல் கம்பெனி கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே போனது, 1908இல் வ.உ.சி. சிறையிலடைக்கப்பட்டார், 1911இல் கம்பெனி கலைக்கப்பட்டது. பக்கீர் சேட்டுக்கும் பிற பங்காளிகளுக்கும் நேர்ந்த இழப்பை எந்த அரசின் வரிப்பணமும் நிரப்பவில்லை.

இங்கே ஒரு சட்டக் கருத்தைச் சற்று விரித்துரைக்க வேண்டியிருக்கிறது. வட்டி விலக்கப்பட்டது என்பது முஸ்லிம் சிறுவரும் அறிந்தது. சட்ட அறிஞர்கள் அதன் மறுபக்கத்தையும் நுணுகி ஆய்ந்தனர்: எதன் ஆதாயத்திற்கு ஒருவன் உரியவனோ, அதன் அழிவுக்கும் அவனே பொறுப்பாளி என்னும் நெறி. முளாரபாவில் ஒருவர் முதலிட மற்றவர் உழைக்கிறார். இலாபம் ஒப்பிய விகிதப்படி பகிரப்படும். உழைப்பவரின் கவனக்குறைவின்றி முதல் அழிந்தால் அது முதலிட்டவரைச் சாரும், உழைத்தவர் தம் உழைப்பை இழப்பார். நபித்துவத்திற்கு முன் அண்ணலார் (ஸல்) அன்னை கதீஜா (ரலி) அவர்களின் சரக்குடன் ஷாம் நாட்டுக்குச் சென்றதை இதற்கு முன்மாதிரியாகக் காட்டுவர். இந்த அளவுகோலை இரயில் கம்பெனியின் அருகில் வைத்தால், 5 விழுக்காடு என்னும் எண்ணைவிட 'உறுதி' என்னும் சொல்லே நம்மை உறுத்துகிறது. கடனின் கொடுமை வட்டி விகிதத்தில் மட்டும் இருப்பதாக எண்ணிச் சொற்பொழிவாற்றும் நம்மவர் சிலர் இதனைக் கவனிப்பதில்லை.

கோவில்பட்டியின் இன்றைய பெயருக்குக் காரணமான தொழில்கள் எந்தப் பன்னாட்டு நிதியாலும் வந்தவையல்ல. 1920களில் சிவகாசியில் தொடங்கிய தீப்பெட்டித் தொழில் சாத்தூருக்கும் கோவில்பட்டிக்கும் பரவியது. அதற்குப் பின்னணியில் இருந்தவை நாடார் வணிகரின் மகமை என்னும் பொதுநிதி மரபு, உறவின்முறைக் கடன், 1921இல் தூத்துக்குடியில் நாடார் வங்கியாகத் தோன்றி 1962இல் பெயர் மாறிய தமிழ்நாடு மெர்க்கண்டைல் வங்கி போன்ற உள்ளூர்க் கருவிகள். வியப்பு என்னவெனில், அதே பத்தாண்டில் உலகிலேயே மிகப்பெரிய 'பன்னாட்டு நிதி' தீப்பெட்டிக்காரர் ஒருவரிடமே இருந்தது. சுவீடனின் ஐவார் குரூகர் போலந்து முதல் ஜெர்மனி வரை அரசுகளுக்குக் கடன் கொடுத்து, பதிலுக்கு அந்நாடுகளின் தீப்பெட்டி வாணிக உரிமையைப் பெற்றார். 1929இல் ஜெர்மனிக்கு அவர் ஒப்பிய கடன் 12.5 கோடி டாலர். 1932இல் அவர் பாரிஸில் இறந்தபின் அப்பேரரசு சரிந்தது. இந்தியாவில் அவருடைய குழுமத்தின் கிளையான விம்கோ பேராலைகளை நிறுவியது. ஆனால் முற்றுரிமை பெறவில்லை. 1934 முதல் தீப்பெட்டிமீது உற்பத்தித் தீர்வை வந்தது. பின்னர் கைத்தொழிலாகச் செய்யும் சிற்றாலைகளுக்குக் குறைந்த தீர்வை என்ற வேறுபாடும் வந்தது. கரிசலின் வீட்டுத் திண்ணைகளை விம்கோவிடமிருந்து காத்தது அந்த வரி வேறுபாடுதான். (2020இல் சரக்கு-சேவை வரி கைத்தீப்பெட்டிக்கு 5 விழுக்காட்டிலிருந்து உயர்ந்தும், இயந்திரத் தீப்பெட்டிக்கு 18இலிருந்து தாழ்ந்தும் ஒரே 12 விழுக்காடாக்கப்பட்டபோது, அவ்வேறுபாட்டின் கதை முடிந்தது.) இவ்வளர்ச்சிக்கு இப்பகுதியின் சிறுவர் சிறுமியர் பல்லாண்டுகள் செலுத்திய விலையை மறைத்து எழுதுவது நேர்மையாகாது. உள்ளூர் முதல் என்பதனாலேயே ஒன்று அறத்தோடு கூடியதாகிவிடாது.

விடுதலைக்குப்பின் நாட்டுக்கு வந்த பன்னாட்டுப் பணம் இத்தகைய பட்டறைகளைத் தேடி வரவில்லை. 1949இல் உலக வங்கி இந்தியாவுக்கு அளித்த முதற்கடன் இரயில்வேக்கானது. 1955இல் அவ்வங்கியின் ஊக்கத்தோடு நிறுவப்பட்ட ஐ.சி.ஐ.சி.ஐ., இயந்திரம் இறக்குமதி செய்யும் தனியார் தொழிலகங்களுக்கு அயற்செலாவணி வழங்கியது. மரக்குச்சியும் மெழுகும் பசையும் வாங்கக் கடன் தேடும் கோவில்பட்டிப் பட்டறைக்கு டாலரால் ஆவதென்ன? மணிலாவைத் தலைமையிடமாகக் கொண்டு 1966இல் தொடங்கிய ஆசிய வளர்ச்சி வங்கியில் இந்தியா நிறுவன உறுப்பினர். எனினும் 1986 வரை அதனிடம் கடன் வாங்கவில்லை.

ஐரோப்பியர் இவ்வகையில் ஒரு வேறுபட்ட வழி கண்டனர். 1975இல் அவர்தம் பொருளாதாரச் சமூகம் வட்டார வளர்ச்சி நிதியம் ஒன்றை ஏற்படுத்தியது. தென் இத்தாலி, அயர்லாந்து போன்ற பின்தங்கிய பகுதிகளுக்கு அது கொடுப்பது கடனன்று, மானியம். 1980களின் இறுதியில் அளவுகோலும் வகுத்தனர். தனிநபர் உற்பத்தி சமூகச் சராசரியில் 75 விழுக்காட்டுக்குக் கீழிருந்தால் அவ்வட்டாரம் முதலுரிமை பெறும். வறுமையே அங்குத் தகுதிச் சான்று. நம்மிடத்திலோ கடன் வாங்குபவர் நடுவண் அரசு அல்லது அதன் உத்தரவாதத்துடன் மாநிலம். கடனளிப்பவர் கணக்கிடுவது திருப்பிச் செலுத்தும் ஆற்றலை. கரிசலின் வறுமை திட்ட முன்னுரையில் இடம்பெறும், கணக்கில் இடம்பெறாது.

இப்பின்னணியில்தான் சென்னை – கன்னியாகுமரித் தொழில் வழித்தடத்தைப் பார்க்க வேண்டும். கிழக்குக் கடற்கரைப் பொருளாதார வழித்தடத்தின் தென்பகுதியாகிய இதற்கு ஆசிய வளர்ச்சி வங்கி முதன்மைத் துணை. 2019இல் 45.1 கோடி டாலர் கடன் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. தூத்துக்குடி மாவட்டத்திலும் அண்டைப் பகுதிகளிலும் உற்பத்தியாகும் மின்சாரத்தை, விருதுநகரிலிருந்து கோயம்புத்தூருக்கு மிகையுயர் அழுத்தக் கம்பித்தடம் அமைத்து வடக்கே கொண்டுசெல்வது அதன் நோக்கம். 2021இல் 48.4 கோடி டாலர் கடனில், வழித்தடத்தின் செல்வாக்குப் பகுதியாகிய 23 மாவட்டங்களில் சுமார் 590 கிலோமீட்டர் மாநில நெடுஞ்சாலைகளை மேம்படுத்தும் திட்டம் கையெழுத்தாயிற்று. சாலை வேண்டாமென்று எவரும் கூறார். தூத்துக்குடித் துறைமுகத்துக்குத் தீப்பெட்டிப் பொதி ஏற்றிச் செல்லும் சரக்குந்துக்கு நல்ல சாலை நன்மையே. கம்பித்தடம் இன்றேல் காற்று வீசும் மாதங்களில் காற்றாலையை நிறுத்திவைக்க நேரிடும் என்பதும் உண்மை. ஆயினும் 1876இன் இருப்புப்பாதையும் 2019இன் மின்பாதையும் ஒரே திசையைக் காட்டுகின்றன என்பதைக் காணாதிருக்க முடியவில்லை. அன்று பஞ்சு, இன்று மின்சாரம். இரண்டும் வெளியே செல்லும் வழிக்கே பெரும்பணம் வந்தது.

பொறுப்பு எவரைச் சார்கிறது என்பதே இதில் நுட்பமான பகுதி. 2005க்கு முன் வெளிநாட்டு உதவி நடுவண் அரசு வழியாக மாநிலத்துக்கு வந்தபோது, பொதுவகை மாநிலங்களுக்கு 70 விழுக்காடு கடனாகவும் 30 விழுக்காடு மானியமாகவும் ரூபாயில் தரப்பட்டது. டாலர் விலை ஏறினால் அது டெல்லியின் கவலை. பன்னிரண்டாவது நிதிக்குழுவின் பரிந்துரைப்படி 2005 ஏப்ரல் முதல் இம்முறை மாறியது. கடன் எந்த நிபந்தனையில் வருகிறதோ அதே நிபந்தனையில் மாநிலத்துக்குக் கைமாற்றப்படுகிறது. நாணய மாற்றின் இடரும் மாநிலத்தையே சாரும். 2019இல் ஒரு டாலர் சுமார் 71 ரூபாய். 2024 இறுதியில் 85. அன்று வாங்கிய ஒரு கோடி டாலர் 71 கோடி ரூபாயாக வந்து, வட்டி நீங்கலாகவே 85 கோடியாகத் திரும்பிச் செல்லும். கடனளித்த வங்கிக்கு இதில் இழப்பில்லை. இரயில் கம்பெனிக் காலத்து 'உறுதி' பெயர் மாறி இருக்கிறது என்று கூறினால் அது மிகை; அன்று வருவாய் இலண்டன் முதலாளியின் பைக்குச் சென்றது, இன்று கடனளிக்கும் வங்கியில் நம் நாடும் பங்காளி. ஆனால் இடர் சுமப்பவர் மாறவில்லை. மின்கட்டணமும் வரியும் செலுத்தும் கரிசல்காரரும் அவர்களுள் ஒருவர்.

இஸ்லாமிய உலகில் இதற்கு மாற்று உண்டா என்று நம் மாணவர்கள் வினவுவதுண்டு. ஐரோப்பிய வட்டார நிதியம் பிறந்த அதே 1975இல் ஜித்தாவில் இஸ்லாமிய வளர்ச்சி வங்கி செயற்படத் தொடங்கியது. குத்தகை, தவணை விற்பனை, செய்பொருள் ஒப்பந்தமாகிய இஸ்திஸ்னா முதலிய முறைகளில் அது உறுப்புநாடுகளுக்கு முதலளிக்கிறது. வட்டித் தடையை 1985இல் ஜித்தா சர்வதேச ஃபிக்ஹு அகாடமி வங்கி வட்டிக்கும் உரியதென அறுதியிட்டது அறிந்ததே. இஸ்லாமிய ஒத்துழைப்பு அமைப்பின் உறுப்புநாடுகளே இவ்வங்கியில் சேரலாம். இந்தியா உறுப்பு நாடன்று. ஆகவே அதன் சாலையோ மின்தடமோ கரிசலுக்கு வரும் வழியில்லை. இவ்வகை வங்கியும் அரசுகளோடு பேசுவதே. குத்தகை என்ற பெயரில் வருவதெல்லாம் இடரைப் பகிர்கிறதா என்று அதன் நண்பர்களே வினவியுள்ளனர்.

அதனினும் நம் கருத்தைக் கவர்வது அவ்வங்கியின் ஒரு சிறு திட்டம். 1983 முதல், உறுப்பினரல்லாத நாடுகளின் முஸ்லிம் சமுதாய மாணவர்க்கு மருத்துவம், பொறியியல் போன்ற கல்விக்கு உதவித்தொகை வழங்குகிறது. இந்திய மாணவரும் பெற்றுள்ளனர். மாணவருக்கு அது வட்டியில்லாக் கடன், கர்ழ் ஹஸன், சமுதாயத்திற்கோ மானியம். படித்து முடித்தவர் திருப்பிச் செலுத்தும் தொகை ஜித்தாவுக்குச் செல்வதில்லை. உள்ளூரில் அமைந்த அறக்கட்டளையில் சேர்ந்து அடுத்த மாணவருக்குப் போகிறது. கடல் கடந்து வந்த முதல் வந்த இடத்திலேயே சுழலும் ஏற்பாடு. தொழிலுக்கு இத்தகைய ஏற்பாடு செய்ய இயலாதென்று எவரும் நிறுவியதாகத் தெரியவில்லை.

1963இல் எகிப்தின் பருத்தி வட்டாரத்துச் சிற்றூராகிய மீத் கம்ரில் அஹ்மத் அந்நஜ்ஜார் ஒரு சேமிப்பு வங்கி தொடங்கினார். ஜெர்மனியின் உள்ளூர்ச் சேமிப்பு வங்கிகளைக் கண்டு வந்து, வட்டியை நீக்கி, அவ்வூர் உழவரின் சிறுசேமிப்பை அவ்வூர்ச் சிறுதொழிலில் பங்காக இட்டார். கெதீவின் கடனால் அழிந்த அதே கழிமுகம் அது. 1967இல் அரசு அம்முயற்சியைத் தன் வங்கி அமைப்புக்குள் இழுத்து முடித்துவிட்டது. 1971இல் கெய்ரோவில் தோன்றிய நாஸர் சமூக வங்கியில் அதன் கருத்து ஓரளவு மறுபிறவி எடுத்தது. கோவில்பட்டியில் இன்று அதற்கு இணையாகக் காட்டத்தக்கது வங்கியன்று, ஒரு பெயர்: 2020 ஏப்ரல் 30ஆம் நாள் புவிசார் குறியீடு பெற்ற கோவில்பட்டிக் கடலைமிட்டாய். மானாவாரிக் கடலையும் வெல்லப்பாகும் சேர்ந்த அப்பண்டத்தின் பெயருரிமை அவ்வூர் உற்பத்தியாளர் சங்கத்தின் பெயரில் பதிவாகியுள்ளது. அதனை விற்றுக் கழிக்கவோ அடகு வைக்கவோ சட்டம் இடந்தரவில்லை.